அம்புக்குறிக்கு என்ன பொருள்?

மாணவ நண்பர்களே, நீங்கள் ஏற்காட்டிற்குச் சென்றிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து புறப்பட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால், சேர்வராயன் மலையின் நடுவே ஓர் ஏரி நம்மை வரவேற்கும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும். அந்த உபரி நீர் காப்பித் தோட்டங்களுக்கிடையே ஓடி, சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் கிளியூர் என்னுமிடத்தில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து கீழே விழுகிறது. அதுவே கிளியூர் அருவி.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு அந்த அருவியைப் பார்க்கச் சென்றேன். ஏரிக்கரையில் இருந்த தேநீர்க் கடைச் சிறுவன் ஒருவனிடம் வழி கேட்டோம். அவன் குச்சியை எடுத்து ஈரமண்ணில் படம் போட்டுக் காட்டினான். ஏரிக்கு ஒரு வட்டம், அருவிக்கு ஒரு வட்டம், இடையில் நெளிந்து செல்லும் இரண்டு கோடுகள், அவற்றின் நுனியில் அம்புக்குறிகள். கூடவே வாயாலும் விளக்கினான். எங்கள் குழுவில் இருந்த மாணவி ஒருத்தி அதைத் தன் குறிப்பேட்டில் அழகாக வரைந்துகொண்டாள்.

நாங்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து நடந்தோம். படத்தை வரைந்த மாணவி என்னுடன் வந்தாள். குறிப்பேடு மட்டும் மற்றொரு குழுவிடம் சென்றது. நாங்கள் அருவிக்கு மேலே படிக்கட்டருகே போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரமாகியும் அவர்கள் வரவில்லை. கடைசியில் முழங்கால் வரை சேறும், கைகளில் முட்கீறலுமாக வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பின்பற்றிய கோடு பாதையன்று. ஏரியிலிருந்து வழியும் நீரின் ஓடை! ஓடைக் கரையோடு போய், ஒரு தோட்டத்தின் வேலியில் முட்டி நின்றிருக்கிறார்கள். தோட்டக் காவலர், "எங்க கண்ணுங்களா போறீங்க, தண்ணி போற வழியில மனுசன் போவானா?" என்று கேட்டு, திருப்பி அனுப்பியிருக்கிறார். மழை சற்றுப் பலமாகப் பெய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குச் சற்று நடுக்கமாகத்தான் இருக்கிறது.

குறிப்பேட்டுப் படத்தில் பிழையே இல்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு கோடுகளும் உண்மையானவை. இரண்டு அம்புக்குறிகளும் சரியான திசையையே காட்டின. ஆனால் ஓர் அம்புக்குறி 'இப்படி நட' என்று சொன்னது. மற்றொன்று 'நீர் இப்படி ஓடுகிறது' என்று சொன்னது. எது எதுவென்று படத்தில் எழுதப்படவில்லை. அது சிறுவனின் வாய்மொழியில் இருந்தது. வரைந்தவளின் நினைவில் இருந்தது. படத்தோடு அது பயணம் செய்யவில்லை.

கணிப்பொறி நிரல்களைப் பற்றி எழுத வந்தவன் அருவிக் கதை சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். பெரிய மென்பொருள் அமைப்புகளைக் கட்டுகிறவர்கள் அன்றாடம் இடறி விழுகிற இடம் இதுதான். பள்ளிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். அந்த நிரலின் கட்டமைப்பைப் படமாக வரையவும், ஏன் அப்படிக் கட்டினோம் என்று எழுதி வைக்கவும் கற்றுக்கொடுப்பதில்லை. இது பெரிய குறை என்பது என் கருத்து. எந்த அளவுக்குப் பெரியது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் காட்டுகிறேன்.

ஒரு பயணச்சீட்டின் பின்னால்

மென்பொருள் கட்டமைப்பு என்றால் என்ன? ஒரு பெரிய மென்பொருள் எந்தெந்தப் பகுதிகளால் ஆனது, அப்பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசிக்கொள்கின்றன, எந்தப் பகுதியின் பொறுப்பு எது என்பதெல்லாம் சேர்ந்ததே அதன் கட்டமைப்பு. வீட்டிற்கு வண்ணத்தை மாற்றுவது எளிது. தூணை இடம் மாற்றுவது கடினம். அதுபோல, பின்னால் மாற்றுவதற்குப் பெருஞ்செலவு பிடிக்கும் முடிவுகள் எவையோ அவையே கட்டமைப்பு முடிவுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டின் ரயில் முன்பதிவையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கணிப்பொறி வருமுன் முன்பதிவு என்பது பெரிய பெரிய ஏடுகளில் நடந்தது. ஒரு வண்டியின் ஏடு ஒரு சாளரத்தில்தான் இருக்கும். ஆகவே அந்தச் சாளரத்தின் வரிசையில்தான் நிற்க வேண்டும். 1985-86 ஆம் ஆண்டுகளில் புதுதில்லியில், சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய 'இம்ப்ரெஸ்' என்ற மென்பொருளைக் கொண்டு கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்ற வசதி அப்போதுதான் வந்தது. பின்னர் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நகரங்களில் மையங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் தன் பகுதி வண்டிகளின் கணக்கை வைத்துக்கொண்டது. 1990களில் ரயில்வேயின் தகவல் அமைப்பு மையமான 'கிரிஸ்' உருவாக்கிய 'கான்செர்ட்' என்ற மென்பொருள் இந்த ஐந்தையும் ஒன்றோடொன்று இணைத்தது. 1999ல் இந்த இணைப்பு நிறைவடைந்தது. சென்னையில் நின்றுகொண்டு தில்லியிலிருந்து கல்கத்தா செல்லும் வண்டிக்குச் சீட்டு வாங்குவது அதன் பிறகு சாதாரணமாகிவிட்டது. 2002ல் இணையம் வழியாகவும் சீட்டு விற்பனை தொடங்கியது.

இதைப் படமாக வரையுங்கள் என்று சொன்னால் உடனே ஐந்து பெட்டிகளை வரைந்து, அவற்றிடையே கோடுகளை இழுத்துவிடுவீர்கள். நல்லது. ஆனால் அந்தப் படம் யாருக்காக?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வரையப்படும் படங்கள்தான் உலகில் அதிகம். சேலம் சந்திப்பில் சீட்டு வாங்கும் பயணிக்கு ஐந்து பெட்டிகள் தேவையே இல்லை. அவருக்குச் சாளரம், படிவம், பணம், சீட்டு ஆகியவை போதும். நிரல் எழுதுகிறவருக்கு அந்தப் பெட்டிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பது வேண்டும். நள்ளிரவில் ஓர் இணைப்புக் கம்பி அறுந்துபோனால் ஓடி வரவேண்டிய பொறியாளருக்கு, எந்தக் கட்டிடத்தில் எந்தப் பொறி இருக்கிறது, எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். ஒரே அமைப்பு; மூன்று பேர்; மூன்று படங்கள்.

சேர்வராயன் மலைக்கு எத்தனை வரைபடங்கள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். சுற்றுலாப் பயணிக்குச் சாலைகளும் காட்சி முனைகளும். ஏரியைப் பராமரிப்பவருக்கு ஓடைகளும் மதகும். புவியியலாளருக்கு இந்த மலையின் சார்னோக்கைட் பாறையும், உச்சிகளில் படிந்துள்ள பாக்சைட்டும். இவற்றையெல்லாம் ஒரே தாளில் திணித்தால் என்ன கிடைக்கும்? எவருக்கும் பயன்படாத ஒரு கறுப்புத் தாள் கிடைக்கும்.

இந்த எளிய உண்மையை மென்பொருளுக்குப் பொருத்தி, 1995ல் பிலிப் குருஷ்டன் என்ற பொறியாளர் ஒரு கட்டுரை எழுதினார். 'நான்கும் ஒன்றும்' என்று அவருடைய முறைக்குப் பெயர். அமைப்பு என்னென்ன செய்கிறது என்று காட்டும் நோக்கு ஒன்று. அது இயங்கும்போது என்ன நடக்கிறது என்பது ஒன்று. நிரல் எழுதுவோர் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம் ஒன்று. எந்தப் பொறியில் எது ஓடுகிறது என்பது ஒன்று. இந்த நான்கையும் சரிபார்க்க, 'ஒரு பயணி சீட்டு வாங்குகிறார்' என்பது போன்ற ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு நான்கு படங்களிலும் நடந்து பார்க்க வேண்டும். அதுதான் ஐந்தாவது.

நான்கு நோக்குகளில் மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது இரண்டாவதைத்தான். ஒரு வண்டியில் ஒரே ஒரு படுக்கை மீதியிருக்கிறது. சேலத்தில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் சென்னையில் இன்னொருவர் கேட்கிறார். இருவருடைய திரையிலும் 'இடம் உண்டு' என்று தெரிகிறது. இருவரும் பணம் கொடுக்கிறார்கள். படுக்கை யாருக்கு? பெட்டிகளும் கோடுகளும் கொண்ட உங்கள் படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. ஏனென்றால் அந்தப் படத்தில் காலம் இல்லை. காலத்தை மேலிருந்து கீழாக ஒரு கோடாக வரைந்து, 'முதலில் சேலம் கேட்டது. மையம் அந்தப் படுக்கையைப் பூட்டியது. பிறகு சென்னை கேட்டது. மையம் "பொறு" என்றது. சேலம் பணம் செலுத்தியது. பூட்டுத் திறந்தது' என்று ஒவ்வொன்றாக எழுதினால்தான் விடை தெரியும். அப்படி எழுதும்போது இன்னொரு கேள்வியும் எழும். பூட்டிய பிறகு சேலத்தில் மின்சாரம் போய்விட்டால்? அந்தப் படுக்கை என்றென்றும் பூட்டியே கிடக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது படம்தான். வரைவதன் பயன் பிறருக்குக் காட்டுவது மட்டுமன்று; வரைகிறவர் தாம் எதை யோசிக்கவில்லை என்பதைத் தாமே கண்டுகொள்வதும் ஆகும்.

எவ்வளவு தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்பதும் உண்டு. நிலப்பட நூலில் இந்தியா ஒரு பக்கம், தமிழகம் ஒரு பக்கம், சேலம் மாவட்டம் ஒரு பக்கம். இந்திய வரைபடத்தில் ஏற்காட்டு ஏரிக்கரைத் தேநீர்க் கடையை யாரும் வரைய மாட்டார்கள். சைமன் பிரவுன் என்ற பொறியாளர் மென்பொருளுக்கும் இப்படி நான்கு அடுக்குகள் போதும் என்கிறார்: முதலில் அமைப்பும் அதைப் பயன்படுத்துவோரும்; அடுத்து அதன் பெரும் பகுதிகள்; அடுத்து ஒரு பகுதியின் உட்கூறுகள்; கடைசியில் நிரல். கடைசி அடுக்கை வரையவே தேவையில்லை என்பார் பலர். நானும் அந்தக் கட்சிதான். ஐந்து மையங்களைக் காட்டும் படத்தில் 'படுக்கை எண் 32' என்று ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்த்தால், வரைந்தவர் குழப்பத்தில் இருக்கிறார் என்று அறிக.

படங்களுக்கென்று பொதுவான குறியீட்டு மொழிகளும் வந்தன. அவற்றுள் பெயர் பெற்றது 'யு.எம்.எல்.' என்பது; 1997ல் தரமாக ஏற்கப்பட்டது. அதைக் கற்பதில் தவறில்லை. ஆனால் பள்ளி மாணவருக்கு அதைவிட முதன்மையான பழக்கம் ஒன்று உண்டு. படத்தின் ஓரத்தில் குறிவிளக்கம் எழுதுவதுதான் அது. நிலப்படத்தில் ரயில் பாதைக்கு ஒரு கோடு, ஆற்றுக்கு ஒரு கோடு என்று மூலையில் கட்டம் போட்டுக் காட்டுவார்களே, அதுதான். உங்கள் படத்தில் சதுரம் எதைக் குறிக்கிறது? நிரலையா, பொறியையா, ஓர் அலுவலகத்தையா? அம்புக்குறி எதைக் குறிக்கிறது? 'இது அதை அழைக்கிறது' என்பதையா, 'தகவல் இந்தத் திசையில் போகிறது' என்பதையா? இரண்டும் ஒன்றல்ல. சேலத்துச் சாளரம் மையத்தை அழைக்கிறது. ஆனால் 'இடம் உண்டு' என்ற தகவல் மையத்திலிருந்து சாளரத்துக்கு வருகிறது. அழைப்பு ஒரு திசை, தகவல் எதிர்த்திசை. குறிவிளக்கம் இல்லையென்றால் படிப்பவர் ஓடைக் கரையில் நடக்க வேண்டியதுதான்.

ஏழு நாள் சலுகை

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது 'என்ன' என்பதைத்தான் சொல்லும். 'ஏன்' என்பதைச் சொல்லாது. முன்பதிவுக்கு ஒரு மையம் போதாதா, ஏன் ஐந்து வைத்தார்கள்? படத்தைப் பார்த்து விடை சொல்ல முடியுமா? அன்றைய தொலைபேசிக் கம்பிகளின் நிலையை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். ஊகம் ஆவணமாகாது.

மலைப்பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இருவர் நூலகத்திற்கு ஒரு நிரல் எழுதிக் கொடுத்தார்கள். யார் எந்தப் புத்தகம் எடுத்தார், என்று திருப்ப வேண்டும், தாமதத்திற்கு எவ்வளவு அபராதம் என்று அது கணக்கிடும். அருமையான வேலை. இருவரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு புதிய மாணவர் நிரலைத் திருத்த முன்வந்தார். அதில் ஓரிடத்தில், உறுப்பினர் எண் 7 என்று தொடங்கினால் தவணையோடு ஏழு நாள் கூட்டு என்று ஒரு வரி இருந்தது. இது என்ன பொருளற்ற வரி, சோதனைக்காக எழுதி மறந்துவிட்டார்கள் போலும் என்று எண்ணி அதை நீக்கிவிட்டார். நிரல் முன்னைவிடத் தெளிவாயிற்று, ஆசிரியரும் பாராட்டினார்.

7 என்று தொடங்கும் எண்கள் உள்ளடங்கிய மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுடையவை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் பேருந்து ஒழுங்காக வராது. சில நாட்கள் பள்ளிக்கே வர முடியாது. அதற்காக நூலகர் வாய்மொழியாகக் கொடுத்துவந்த சலுகையை அந்த இருவரும் நிரலில் எழுதியிருந்தார்கள். காரணத்தை மட்டும் எழுதவில்லை. கார்த்திகை மாதம் வந்தது. அபராதச் சீட்டுகளும் வந்தன. அபராதம் கட்ட முடியாத ஒரு சிறுமி, நூலகத்தின் பக்கமே வருவதை நிறுத்திவிட்டாள். தவறு என்னவென்று கண்டுபிடிக்கப் பொங்கல் விடுமுறை கழியவேண்டியிருந்தது.

நீக்கிய மாணவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு வரி — 'மழைக்காலத்தில் பேருந்து இல்லை; நூலகர் சொன்னபடி' — அந்த இடத்தில் இருந்திருந்தால் போதும்.

பள்ளிப் பிள்ளைகள் செய்த தவறு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். உலகின் தலைசிறந்த பொறியாளர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து, ஐரோப்பியரின் புத்தம் புதிய ஏரியன்-5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் திடீரெனத் திசை திரும்பி, உடைந்து வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுச் செயற்கைக்கோள்களும் அழிந்தன.

காரணத்தை ஆராய்ந்தார்கள். ராக்கெட்டின் நிலையையும் திசையையும் அளந்து சொல்லும் கருவியின் மென்பொருள், முந்தைய ஏரியன்-4 ராக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தப்பட்டது. அதில் ஓரிடத்தில் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்று 16 பிட் எண்ணாக மாற்றப்படுகிறது. 16 பிட்டுக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. ஏரியன்-4ன் பாதையில் அந்த எண் இந்த வரம்பைத் தாண்ட வழியில்லை. ஏரியன்-5 வேறு பாதையில், தொடக்கத்திலேயே அதிகக் கிடைமட்ட வேகத்துடன் சென்றது. எண் வரம்பை மீறியது. கருவி தன் வேலையை நிறுத்தியது. மாற்றுக் கருவி ஒன்று இருந்ததே என்பீர்கள். அதிலும் அதே மென்பொருள், அதே பிழை! அது ஒரு கண்ணிமைப்பதற்கு முன்பே நின்றுபோயிருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. இப்படி வரம்பு மீறக்கூடிய எண்கள் ஏழு இருந்தன. நான்கிற்குக் காப்பு எழுதியிருந்தார்கள், மூன்றிற்கு எழுதவில்லை. மறந்துபோய் விட்டதன்று; யோசித்து எடுத்த முடிவு. கணிப்பொறியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதால், வரம்பு மீற வாய்ப்பில்லாதவை என்று கருதிய மூன்றை விட்டுவிட்டார்கள். ஏரியன்-4ஐப் பொறுத்தவரை அது நியாயமான முடிவே. ஆனால் அதற்கான காரணம் நிரலில் அந்த இடத்தில் எழுதப்படவில்லை என்றும், மலைபோல் குவிந்த ஆவணங்களுக்குள் மறைந்து கிடந்தது என்றும் விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறிப்பிட்டது. 'இது ஏரியன்-4ன் பாதைக்கு மட்டுமே பொருந்தும்' என்ற ஒரு வரி உரிய இடத்தில் கண்ணில் பட்டிருந்தால், புதிய பாதையைக் கணக்கிட்டவர்களில் ஒருவராவது திரும்பிப் பார்த்திருக்கக்கூடும்.

இன்னொரு வியப்பையும் சொல்லிவிடுகிறேன். பிழை நேர்ந்த அந்தப் பகுதி, ஏரியன்-5 தரையை விட்டு எழும்பிய பிறகு எதற்குமே பயன்படாத பகுதி. பழைய ராக்கெட்டில், புறப்பாடு கடைசி நொடிகளில் தடைபட்டால் விரைவில் மீண்டும் தொடங்க வசதியாக, அது எழும்பிய பின்னும் சிறிது நேரம் ஓடும்படி விடப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டிற்கு அந்தத் தேவை இல்லை. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. நூலகத்தில் காரணம் தெரியாததால் ஒரு வரியை நீக்கினார்கள். இங்கே நீக்க வேண்டியதை நீக்காமல் விட்டார்கள்.

இத்தகைய காரணங்களை எழுதி வைக்க 2011ல் மைக்கேல் நைகார்ட் என்ற பொறியாளர் ஓர் எளிய முறையை முன்வைத்தார். ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஒன்றிரண்டு பக்கக் குறிப்பு: அப்போதைய நிலைமை என்ன, என்ன முடிவெடுத்தோம், அதனால் வரும் நன்மை தீமைகள் யாவை. தேதியிட்டு, எண்ணிட்டு, நிரலோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும். பின்னால் முடிவு மாறினால் பழைய குறிப்பைக் கிழித்துவிடக்கூடாது. 'இது இன்ன குறிப்பால் மாற்றப்பட்டது' என்று எழுதி அப்படியே விட வேண்டும்.

இந்த இடத்தில் ஏற்காட்டோடு தொடர்புடைய ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1863ல் சென்னைக்கருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் தம் பிற்காலத்தை இந்த ஏற்காட்டில்தான் கழித்தார். தென்னாடெங்கும் அவர் திரட்டிய தொல்பொருள்கள் 1904ல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றன. அவற்றின் மதிப்பு கல்லில் மட்டும் இல்லை. இன்ன கல் இன்ன இடத்தில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்த பட்டியலிலும் இருக்கிறது. இடக்குறிப்பு இல்லாத கைக்கோடரி, ஆய்வாளர் கண்ணுக்குப் பாதி ஊமை.

எதிர்வாதங்கள்

'நிரலே ஆவணம், நிரலைப் படித்தால் எல்லாம் புரியும்' என்று சொல்லும் நிரலாளர்கள் உண்டு. நல்ல நிரல் தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நூலக நிரலின் அந்த வரியை ஆயிரம் முறை படித்தாலும் பேருந்து வராத செய்தி அதில் கிடைக்குமா? எதைச் செய்யாமல் விட்டோம், ஏன் விட்டோம் என்பது நிரலில் எப்படி இருக்கும்?

இதைவிட வலுவான வாதத்தை டென்மார்க் அறிஞர் பீட்டர் நவுர் 1985ல் எழுதினார். ஒரு நிரலின் உண்மையான அறிவு அதை எழுதியவர்களின் மனத்தில் இருக்கிறது. எத்தனை ஆவணம் எழுதினாலும் அதை முழுமையாகத் தாளில் இறக்கிவிட முடியாது என்பது அவர் கருத்து. இதில் பெரும் உண்மை இருக்கிறது. எங்கள் குழுவில் படம் வரைந்த மாணவி உடன் இருந்த வரை எங்களுக்கு வழி தவறவில்லை அல்லவா? ஆகவே புதியவர் வரும்போது பழையவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதற்கு ஈடில்லை. ஆனால் பள்ளியில் மாணவர் ஆண்டுதோறும் வெளியேறுகிறார்கள். அலுவலகங்களிலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத நாள் வரத்தான் செய்யும். அன்றைக்கு முழு அறிவு கிடைக்காவிட்டாலும் கால் பங்காவது கிடைக்கட்டுமே என்கிறேன்.

பழைய படம் படமே இல்லாததைவிட ஆபத்தானது என்பார்கள். இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் நூறு பக்கம் எழுதாதீர்கள் என்கிறேன். அடிக்கடி மாறுவதை வரையாதீர்கள். மெதுவாக மாறுவதை வரையுங்கள். தேதி போடுங்கள். ஏரியன் பொறியாளர்களிடம் ஆவணத்திற்குப் பஞ்சமே இல்லை; இருந்தது அளவுக்கு மீறி. உரிய இடத்தில் ஒரு வரி இல்லாததுதான் குறை.

நம் வகுப்பறைகளில் நடப்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை. ரெக்கார்டு நோட்டில் நிரலுக்கு எதிர்ப்பக்கத்தில் வழிப்படம் வரையச் சொல்கிறோம். மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் நிரலை எழுதி ஓட்டிப் பார்த்துவிட்டு, கடைசி வாரத்தில் அளவுகோல் வைத்து அழகாக அதையே படமாக நகல் எடுக்கிறார்கள். நானும் என் காலத்தில் அதைத்தான் செய்தேன். ஆசிரியரான பின் அதற்கே மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன்! நிரலில் இருப்பதையே மறுபடி சொல்லும் படத்தால் யாருக்கு என்ன லாபம்? அந்தப் பக்கத்தில் 'இந்த நிரலை யார் பயன்படுத்துவார், எந்தெந்தப் பகுதிகளாகப் பிரித்தேன், வேறு எப்படிச் செய்திருக்கலாம், ஏன் அப்படிச் செய்யவில்லை' என்று பத்து வரி எழுதச் சொன்னால் ரெக்கார்டு நோட்டுக்கும் உயிர் வரும். அந்த மதிப்பெண்ணை அதற்குக் கொடுக்கலாம் என்பது ஆசிரியர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் பள்ளியில் ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். கணிப்பொறி இல்லாததாக இருந்தாலும் சரி. சத்துணவுக் கூடத்திற்கு அரிசி வந்து, சமைத்து, தட்டுக்கு வருவதுகூட ஓர் அமைப்புதான். ஒரே தாளில் அதன் பெரும் பகுதிகளை வரையுங்கள். மூலையில் குறிவிளக்கம் எழுதுங்கள். அடியில் 'இது ஏன் இப்படி இருக்கிறது' என்று அந்த வேலையைச் செய்பவரிடமே கேட்டு மூன்று வரி எழுதுங்கள். கேட்டுப் பார்த்தால் எத்தனை ஏழு நாள் சலுகைகள் வெளிவருகின்றன என்று நீங்களே வியப்பீர்கள். பிறகு அந்தத் தாளை, அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் அறியாத உங்கள் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர்கள் படத்தை மட்டும் பார்த்து உங்களுக்கு விளக்கட்டும். எங்கே விரல் தயங்கி நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

கிளியூர்ப் படத்தையும் அந்த மாணவி அன்று மாலையே திருத்தினாள். நீருக்கு இரட்டைக் கோடு, நடைபாதைக்குப் புள்ளிக் கோடு. தோட்டத்து வேலியையும் சேர்த்திருந்தாள். ஓரத்தில் அன்றைய தேதியும், 'மழை பெய்தால் படிகள் வழுக்கும், இறங்க வேண்டாம்' என்ற குறிப்பும் இருந்தன. சேற்றோடு வந்த மாணவர்கள்தான் அந்தக் கடைசி வரியைச் சொல்லி எழுத வைத்தார்கள்.